திரும்ப மறுக்கும் கழுத்து

காலை எட்டரை மணிக்கு நவி மும்பையின் நெருள் ஸ்டேஷனில், எவ்வளவு கூட்டம் இருந்தாலும் கழுத்துப் பிடித்துக்கொண்டவரை உடனே கண்டுபிடித்துவிடலாம். இண்டிகேட்டரைப் பார்க்க மற்றவர்கள் தலையைத் திருப்புவார்கள். இவர் இடுப்போடு சேர்த்து மொத்தமாகத் திரும்புவார். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் முதலில் கால் நகரும், பிறகு தோள் நகரும், கடைசியாக முகம் வந்து சேரும். ராத்திரி நன்றாகத்தான் படுத்திருப்பார். காலையில் பல் தேய்க்கக் குனிந்தபோது ஒரு பக்கம் சுரீரென்று இழுத்திருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் உலகம் கிடையாது.

வைத்தியம் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே தொடங்கியிருக்கும். "ஃபேனுக்கு நேரா படுத்துண்டிருப்பே, வேறென்ன" என்பாள் மாட்டுங்காவிலிருந்து ஃபோனில் பேசும் அத்தை. "என்ன அண்ணாச்சி, வெயிட்டு எதுவும் தூக்குனியளா?" என்பார் தாராவியிலிருந்து இங்கே குடிவந்த எதிர்வீட்டு நெல்லைக்காரர். ஒருவர் தலையணையை வெயிலில் காயவைக்கச் சொல்வார், ஒருவர் உலக்கையை உருட்டச் சொல்வார். மேல்மாடி மராத்திக்காரரின் யோசனை இன்னும் சுவையானது: பிறக்கும்போது தலைக்குப் பதில் கால் முதலில் வந்த ஒருவரைத் தேடிப்பிடித்து, அவர் காலால் லேசாக ஓர் உதை வாங்கினால் பிடிப்பு விட்டுவிடும். தமிழ்நாட்டிலும் சுளுக்கு வழிக்க இப்படிப் பிறந்தவர்களைத் தேடிப் போகும் ஊர்கள் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், இத்தனை வைத்தியமும் பலிக்கும். காலையில் எழும்போது திடீரென்று பிடித்துக்கொள்ளும் சாதாரணக் கழுத்துப் பிடிப்பு பெரும்பாலும் சில நாட்களில், மிஞ்சிப்போனால் ஓரிரு வாரத்தில், தானாகவே விடும். நாம் வைத்தியத்துக்கு ஓடுவது எப்போது? வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தானே. அந்த இறக்கத்தின்போது யார் பக்கத்தில் இருந்தாரோ அவருக்குப் புகழ் போய்ச் சேர்கிறது, அவர் உலக்கை வைத்திருந்தாலும் சரி, பட்டம் வைத்திருந்தாலும் சரி. கழுத்துப் பயிற்சிகளைப் பற்றிப் பேசும்போதும் இந்தச் சந்தேகத்தைக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் உள்ளே என்னதான் பிடித்துக்கொள்கிறது?

கழுத்தில் முள்ளெலும்புகள் 7. ஒட்டகச்சிவிங்கிக்கும் 7, சுண்டெலிக்கும் 7. பாலூட்டிகளில் இந்தக் கணக்கை மீறியவை ஸ்லாத், மானட்டீ என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில பிராணிகள்தான். மேலிருந்து முதல் எலும்பு ஒரு வளையம். அதன்மேல் மண்டையோடு உட்கார்ந்திருக்கிறது. 'ஆமாம்' என்று தலையாட்டுவது பெரும்பாலும் அந்த இடத்தில் நடக்கிறது. இரண்டாவது எலும்பிலிருந்து ஒரு முளை மேலே எழுந்து வளையத்துக்குள் நிற்கிறது; 'இல்லை' என்று தலையை ஆட்டினால் வளையம் இந்த முளையைச் சுற்றித் திரும்புகிறது. கழுத்தின் மொத்தத் திருப்பத்தில் ஏறத்தாழப் பாதி இந்த ஒரே மூட்டில் கிடைக்கிறது. மீதிப் பாதியைக் கீழே உள்ள எலும்புகள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. கீழ்க்கழுத்தின் மூட்டுகள் சாய்வாக அமைந்திருப்பதால் தலையைப் பக்கவாட்டில் சாய்த்தால் எலும்புகள் கொஞ்சம் திரும்பவும் செய்யும். நம்மவர்கள் 'சரி, சரி' என்பதற்கு ஆட்டுகிறோமே ஓர் ஆட்டு, வெளிநாட்டுக்காரர்களைக் குழப்பும் அந்த ஆட்டில் சாய்வும் திருப்பமும் இரண்டும் கலந்திருக்கின்றன. கழுத்துப் பிடித்த நாளில் 'சரி'யை வாயால் சொல்ல வேண்டியதுதான்.

தலையின் எடை சுமார் 5 கிலோ. அதன் எடைமையம் கழுத்து மூட்டுக்குச் சற்று முன்னால் விழுவதால், நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் பிடரித் தசைகள் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தபடியே இருக்கின்றன. ரயிலில் உட்கார்ந்தபடி தூங்குபவரின் தலை மார்பில் விழுவதைப் பார்த்தால் போதும், அந்தத் தசைகள் விடுமுறை எடுத்தால் என்ன ஆகும் என்பது தெரியும். மண்டையோட்டுக்கு அடியில், பிடரிக் குழியின் இரு பக்கமும், விரல் நுனி அளவுக்குச் சின்னச் சின்னத் தசைகள் இருக்கின்றன. கட்டைவிரல்களை அங்கே அழுத்தி வைத்து, தலையை அசைக்காமல், கண்ணை மட்டும் இடமும் வலமுமாக வேகமாக ஓட்டிப் பாருங்கள். விரலுக்கடியில் ஏதோ துடிப்பது தெரியும். கண் எங்கே போகிறதோ அங்கே தலையும் போகவேண்டியிருக்கும் என்று எண்ணி அந்தத் தசைகள் முன்கூட்டியே தயாராகின்றன. நீளும்போதும் சுருங்கும்போதும் மூளைக்குச் செய்தி அனுப்பும் உணர்கதிர்கள் உடம்பிலேயே மிக நெருக்கமாகக் குவிந்திருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

காலையில் வரும் பிடிப்பில் பழுதானது எது என்பதற்கு ஒரே விடை கிடையாது. எலும்புகளின் பின்புறம் உள்ள சிறு மூட்டு ஒன்று சிடுசிடுத்திருக்கலாம். கழுத்தின் மேல் நான்கு எலும்புகளிலிருந்து தோள்பட்டை எலும்பின் உள்மூலைக்கு இறங்கும் நீளத் தசை இறுகியிருக்கலாம். பிடிப்பு வந்த பெரும்பாலானவர்கள் கையை வைத்துக் காட்டுவது அந்த உள்மூலையைத்தான். ஆனால் எது சிடுசிடுத்தாலும் அடுத்து நடப்பது ஒன்றுதான்: சுற்றியுள்ள தசைகளெல்லாம் சேர்ந்து அந்தப் பக்கத்தைப் பூட்டுகின்றன. நம்மை வாட்டுவது முதலில் ஏற்பட்ட சின்னப் பழுதைவிட இந்தப் பூட்டுதான்.

இந்தப் பூட்டு எவ்வளவு தூரம் மூளையின் கையில் இருக்கிறது என்பதற்கு ஓர் அருமையான சோதனை உண்டு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டேனியல் ஹார்வி, லோரிமர் மோஸ்லி குழுவினர் செய்து 2015இல் வெளியிட்டது. கழுத்து வலிக்காரர்கள் 24 பேருக்கு மெய்நிகர் காட்சிக் கண்ணாடியை மாட்டி, வலி தொடங்கும் இடம்வரை தலையைத் திருப்பச் சொன்னார்கள். கண்ணாடிக்குள் தெரிந்த காட்சியில்தான் விஷயம் இருக்கிறது. சில தடவை அது தலை உண்மையில் திரும்பியதைவிடக் கொஞ்சம் குறைவாகத் திரும்பியதாகக் காட்டியது. சில தடவை அதிகமாகக் காட்டியது. குறைவாகக் காட்டியபோது வலி தொடங்கும் இடம் 6 சதவீதம் தள்ளிப்போனது. அதிகமாகக் காட்டியபோது 7 சதவீதம் முன்னாலேயே வலித்தது. கழுத்து அதே கழுத்து, மூட்டும் அதே மூட்டு. 'இவ்வளவு தூரம் போயாகிவிட்டது' என்று கண் சொன்னதைக் கேட்டே மூளை மணி அடித்திருக்கிறது.

அடிலெய்டிலேயே டாஷா ஸ்டான்டன் குழு 2017இல் முதுகை வைத்து இன்னொன்று செய்து பார்த்தது. முதுகு விறைத்துப்போயிருக்கிறது என்று சொன்னவர்களின் முதுகை இயந்திரத்தால் அழுத்தி அளந்தார்கள். மற்றவர்களுடைய முதுகைவிட அது விறைப்பாக இல்லை. ஆனால் எவ்வளவு அழுத்தினோம் என்று கேட்டபோது அவர்கள் கூட்டிச் சொன்னார்கள். விறைப்பு என்ற உணர்வே, 'இங்கே அசைக்காதே' என்று உடம்பு எழுப்பும் ஒரு தடுப்பு என்பது அந்தக் குழுவின் வாதம்.

நெருளில் எந்த ஹவுசிங் சொசைட்டியிலாவது திருட்டு நடந்துவிட்டால் அடுத்த வாரம் வாட்ச்மேன் எப்படி நடந்துகொள்வார் தெரியுமா? பத்து வருஷமாகப் பால் போடுகிறவரிடமும் ரிஜிஸ்டரில் கையெழுத்து கேட்பார். பால்காரர் சண்டை போட்டால் கெடுபிடி கூடும். வராமலே இருந்துவிட்டாலும், சந்தேகம் தீர வழியில்லை. தினமும் பத்துத் தடவை, கேட்டதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டு, வந்து போய்க்கொண்டிருந்தால் நாலாம் நாள் அவரே தலையசைத்து விட்டுவிடுவார். பிடித்த கழுத்தோடு பழகவேண்டிய முறையும் இதேதான். வலிக்கிற இடத்துக்குச் சற்று முன்புவரை போவது, ஒன்றும் ஆகவில்லை என்று காட்டிவிட்டுத் திரும்புவது, அதை நாளெல்லாம் அடிக்கடி செய்வது.

முதல் நாள் உட்கார்ந்துகொண்டு செய்வதே கடினமாக இருக்கும். ஐந்து கிலோவையும் தாங்கியபடியே திருப்பவும் வேண்டுமே. ஆகவே படுத்துக்கொண்டு தொடங்கலாம். மல்லாந்து, தட்டையான ஒரு தலையணை வைத்து, தலையின் முழு எடையையும் அதன்மேல் போட்டுவிடுங்கள். தலையைத் தூக்காமல், ஒரு பக்கம் மெதுவாக உருட்டுங்கள். முதலில் கண் போகட்டும். தலை பின்னால் வரட்டும். முன்பு பார்த்த அந்தச் சின்னத் தசைகளுக்கு இது பிடித்த வரிசை. இழுப்பு தெரிகிற இடத்தில் ஒரு மூச்சு நின்று, நடுவுக்கு வாருங்கள். பிறகு அடுத்த பக்கம். வலிக்காத பக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது. பக்கத்துக்கு ஐந்து தடவை செய்தால் முடிந்தது. இழுக்கலாம், சுரீரென்று குத்தக் கூடாது. விதி இந்த ஒன்றுதான். குத்தினால் அடுத்த தடவை அதற்கு இரண்டு விரல் முன்பே நின்றுகொள்ளுங்கள்.

அதற்கு முன் சூடு கொடுத்துக்கொள்ளலாம். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிக் கால் மணி நேரம் வைத்தால் போதும். தைலம் பூசலாமா என்றால், தாராளமாகப் பூசலாம். அந்த மஞ்சள் தைலத்தில் பம்பாய்க்காரர்களுக்கு உரிமையும் உண்டு. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் அமிர்தாஞ்சனத்தை 1893இல் தொடங்கியது இந்த நகரத்தில்தான், சென்னைக்குப் போனது அப்புறம். தைலம் தசைக்குள் இறங்கிப் பிடிப்பைக் கரைக்கிறது என்று பலரும் நினைக்கிறோம். அது வேலை செய்வது தோலில். குளிர்ச்சியை உணரத் தோலின் நரம்பு நுனிகளில் இருக்கும் ஒரு புரதத்தை மென்தால் தட்டி எழுப்புகிறது. இந்தப் புரதத்தை 2002இல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூடியன் இருவரும் தனித்தனியே கண்டறிந்தார்கள்; சூடு, தொடுகை பற்றிய மற்ற கண்டுபிடிப்புகளோடு சேர்த்து 2021இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்கள். தோலிலிருந்து கிளம்பும் குளிர்ச்சிச் செய்தியும் தேய்க்கிற கையின் அழுத்தச் செய்தியும் தண்டுவடத்தில் வலிச் செய்தியோடு போட்டி போட்டு அதைக் கொஞ்சம் அமுக்குகின்றன. ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965இல் முன்வைத்த 'வாயில்' கோட்பாட்டின் சாரம் இது. அதனால் கிடைக்கும் அரை மணி நேர இடைவெளியில் படுத்துத் தூங்கிவிட்டால் லாபம் குறைவு. அந்த இடைவெளியில்தான் கழுத்தைத் திருப்பிப் பழக்க வேண்டும்.

இரண்டாம் நாள், அல்லது உட்கார்ந்து செய்ய முடிகிற எந்த நாளும், அசைவுகளைக் கூட்டலாம். நாற்காலியில் முதுகை ஓரளவு நிமிர்த்தி உட்கார்ந்து, இடம் வலமாகத் திருப்புவது ஒன்று. காதைத் தோளை நோக்கிச் சாய்ப்பது இன்னொன்று. தோளைக் காதுக்குத் தூக்கி ஏமாற்றக் கூடாது. முகவாயை மார்பை நோக்கி இறக்கி, பிறகு மெதுவாகக் கூரையைப் பார்ப்பது மூன்றாவது. தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் நெருக்கி, ஐந்து எண்ணி விடுவது இதே கூட்டத்தைச் சேர்ந்ததுதான். கழுத்துத் தசைகள் பலவற்றின் மறுமுனை தோள்பட்டையில் இருப்பதால், தோளை விட்டுவிட்டுக் கழுத்தை மட்டும் கவனிப்பது பாதி வேலை.

பிசியோதெரபிஸ்ட்கள் 'சின் டக்' என்று சொல்லும் அசைவைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் அதைத் தப்பாகச் செய்கிறார்கள். முகவாயைக் கீழே குனிப்பது அல்ல அது. பார்வை நேராக எதிரே இருக்க, யாரோ துர்நாற்றமுள்ள பாத்திரத்தை முகத்துக்கு நேரே நீட்டினால் தலையை அப்படியே பின்னால் இழுத்துக்கொள்வோமே, அந்த அசைவு. சரியாகச் செய்தால் கண்ணாடியில் அசிங்கமான இரட்டைத் தாடை தெரியும். மேல்கழுத்தின் பின்புறம் நீள்வதும், தொண்டைக்குப் பின்னால், எலும்போடு ஒட்டி இருக்கும் ஆழ்தசைகள் லேசாக வேலை செய்வதும் உணர முடியும். கழுத்து வலிக்காரர்களிடம் இந்த ஆழ்தசைகள் மந்தமாகிவிடுகின்றன என்றும், வெளித்தசைகள் அவற்றின் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு களைத்துப்போகின்றன என்றும் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் க்வென் ஜல் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டினார். தலையைப் பின்னிழுக்கும் அசைவை வீடுதோறும் கொண்டுபோனவர் நியூசிலாந்தின் ராபின் மெக்கன்சி. 1956இல் வெலிங்டனில் அவரிடம் முதுகுவலியோடு வந்த ஒருவர், தலைமாடு உயர்த்தியிருந்த கட்டிலில் தெரியாமல் குப்புறப் படுத்துவிட்டு, ஐந்து நிமிஷத்தில் வலி குறைந்துவிட்டது என்று எழுந்தாராம். நோயாளி தானே செய்யும் அசைவே மருந்தாக முடியும் என்ற எண்ணத்தை மெக்கன்சி அங்கிருந்துதான் பிடித்துக்கொண்டார்.

நம் பக்கம் இது புதிதல்ல. பிரம்ம முத்திரை என்று யோகத்தில் ஒன்று சொல்லித் தருகிறார்கள்: பிரம்மாவின் நாலு முகம்போல் தலையை வலம், இடம், மேல், கீழ் என்று நிதானமாகத் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் நின்று, நடுவுக்கு வருவது. புதுச்சேரியில் சுவாமி கீதானந்தரின் ஆசிரம மரபில் ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் ஒலியையும் சேர்ப்பார்கள். ஒலி எழுப்ப மூச்சை நீளமாக விட்டாக வேண்டும், மூச்சை விட்டுக்கொண்டே தசையை இறுக்கிப் பிடிப்பது சிரமம். தலையை ராட்டினம் மாதிரி வட்டமாகச் சுற்றும் வழக்கத்தைவிட, திசைக்கு ஒன்றாக நின்று நின்று போகும் இந்த முறை பிடித்த கழுத்துக்கு எவ்வளவோ மேல். சுற்றும்போது வலிக்கிற மூலை எப்போது வரும் என்று கணிக்க முடியாது, தலையும் கிறுகிறுக்கும்.

இனி, ஆரம்பத்தில் கையோடு வைத்துக்கொண்ட சந்தேகத்துக்கு வருவோம். தானாகவே விட்டுவிடும் பிடிப்புக்கு இத்தனை பாடு எதற்கு?

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஜெர்ட் பிரான்ஃபோர்ட் குழு 272 பேரை வைத்துச் செய்து, 2012 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு பதில் சொல்கிறது. எல்லோருக்கும் கழுத்து வலி தொடங்கி 2 முதல் 12 வாரம் ஆகியிருந்தது. அதாவது தானாக விடாமல் இழுத்துக்கொண்டிருந்தவர்கள். ஒரு பிரிவுக்கு வலி மாத்திரைகள், ஒரு பிரிவுக்கு நிபுணர் கையால் முள்ளெலும்புகளை நெட்டி விடும் சிகிச்சை. மூன்றாவது பிரிவுக்கு ஒரு மணி நேரம் வீதம் இரண்டே இரண்டு வகுப்புகள் நடத்தி, மேலே சொன்ன மாதிரியான எளிய அசைவுகளைக் கற்றுக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு அசைவும் 5 முதல் 10 தடவை, நாளைக்கு 6 முதல் 8 வேளை. 12 வாரம் கழித்து, வலி முக்கால் பங்காவது குறைந்தது என்றவர்கள் மாத்திரைப் பிரிவில் சுமார் 33 சதவீதம், நெட்டி விட்ட பிரிவில் 57 சதவீதம், வீட்டுப் பயிற்சிப் பிரிவில் 48 சதவீதம். நெட்டி விட்டவர்களுக்கும் வீட்டில் செய்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றுமே செய்யாத நாலாவது பிரிவு ஒன்றையும் வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். இருந்தாலும், இரண்டு மணி நேரப் பாடம் பல வாரச் சிகிச்சைக்கு ஈடுகொடுத்தது சாதாரண விஷயமில்லை.

அதில் நான் முக்கியமாகப் பார்ப்பது '6 முதல் 8 வேளை' என்ற எண். நம்மவர்கள் உடற்பயிற்சி என்றால் அதிகாலையில் ஒரு மூச்சாக முக்கால் மணி நேரம் செய்துவிட்டு, மீதி நாளெல்லாம் கணக்கு முடிந்தது என்று இருப்பார்கள். கழுத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. நெருள்வாசிக்கு ஹார்பர் லைனே இதற்கு வசதி செய்து தருகிறது. ஜூய்நகர், சான்பாடா, வாஷி எல்லாம் அடுத்தடுத்து வந்துவிடும். வாஷி தாண்டினால் கழிமுகப் பாலம், மான்குர்த் வரை ஸ்டேஷனே கிடையாது. அந்த இடைவெளியில் ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு, இந்தப் பக்கத்து ஜன்னல் தண்ணீரையும் அந்தப் பக்கத்து ஜன்னல் தண்ணீரையும் ஐந்தைந்து தடவை பார்த்தால் ஒரு வேளை முடிந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவர் தன்னைத்தான் பார்க்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளலாம், அது வேறு விஷயம். குர்லாவில் வண்டி மாறி மாட்டுங்கா போகிறவர்களுக்கு நடைமேடையில் நிற்கும்போது தோள்பட்டை நெருக்குவதற்கு இன்னொரு வேளை கிடைக்கும்.

ரயில் பேச்சு வந்தால் ஃபோன் பேச்சும் வந்துவிடும். 1970இல் நவி மும்பையை அமைக்க சிட்கோ நிறுவனம் உருவாகி, 1992இல் இந்தப் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் ஒற்றை அறையில் இருந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் தனி படுக்கையறைக்கு ஆசைப்பட்டுக் கழிமுகம் தாண்டி வந்தன. அதற்குக் கொடுத்த விலை தினசரிப் பயணம். அன்று அந்த நேரத்தில் அரட்டையும் பஜனையும் சீட்டாட்டமும் இருந்தன. இன்று பெட்டி முழுக்கக் குனிந்த தலைகள். நியூயார்க்கின் முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் கணினி மாதிரி ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டார்: தலை 15 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் விழும் சுமை சுமார் 12 கிலோ, 30 டிகிரிக்கு 18, 45க்கு 22, 60க்கு 27. உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் இந்த எண்களைப் போட்டுப் பயமுறுத்தின. எண்களில் தப்பில்லை, நெம்புகோல் கணக்கு அப்படித்தான் வரும். ஆனால் சுமை கூடினால் நோய் வரும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. வாஷி மொத்தச் சந்தையில் மாதாடித் தொழிலாளர்கள் தலையில் சுமக்கும் மூட்டைகளும், தாராவியிலிருந்து விடிகாலையில் கிளம்பும் நம் இட்லிக்காரர்கள் தலையில் ஏற்றும் பாத்திரங்களும் 27 கிலோவுக்குக் கேலியாகச் சிரிக்கும். தலைச்சுமை கழுத்துக்கு நல்லது என்று சொல்ல வரவில்லை. கழுத்து கண்ணாடிப் பாத்திரம் இல்லை என்கிறேன், அவ்வளவுதான்.

பெர்த் நகரில் 17 வயதுப் பிள்ளைகள் 1,108 பேர் உட்காரும் விதத்தை அளந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், கூன் போட்டு உட்கார்ந்தவர்களுக்குக் கழுத்து வலி கூடுதல் என்று தெரியவில்லை. 'நிமிர்ந்து உட்கார்' என்று பிள்ளைகளை அதட்டிய தலைமுறைக்கு இது ஏமாற்றமாக இருக்கும். குனிவதை எதிரியாக்குவதைவிட, ஒரே நிலையில் ஒரு மணி நேரம் உறைந்துபோவதைக் கவனிப்பது பயன்தரும். குனியலாம், பிறகு நிமிரலாம், பிறகு சாயலாம். தலையணைக்கும் இதுதான். ஒருக்களித்துப் படுத்தால் தோளுக்கும் காதுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நிரப்பும் உயரம் போதும். குப்புறப் படுப்பவர்கள் மட்டும் மூச்சு விடுவதற்காக இரவெல்லாம் தலையை ஒரு பக்கமாகவே திருப்பி வைத்திருக்கிறார்கள்; பிடிப்பு அடிக்கடி வருகிறவர்கள் அதை மாற்றிப் பார்க்கலாம்.

இனி, அந்த வார்த்தை. 'ஸ்பாண்டிலைட்டிஸ்'. மும்பையில் நாற்பது தாண்டிய எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் ஒருவருக்காவது இந்தப் பட்டம் கிடைத்திருக்கும். எக்ஸ்ரேயில் எலும்பு தேய்ந்திருக்கிறது, எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று கேட்ட அன்றிலிருந்து அவர் தலையை முட்டையைப்போல் சுமக்கத் தொடங்குவார். ஜப்பானில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேரின் கழுத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே பத்தில் ஏழு பேருக்கு மேல். வலியே இல்லாமல், வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தவர்கள் இவர்கள். படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் என்றால் பாதி ஜப்பான் படுக்கையில் இருக்க வேண்டும். இதை அறியாமல் மாதக்கணக்கில் காலர் பெல்ட் மாட்டிக்கொண்டு திரிந்தால் கழுத்துத் தசைகள் மெலியும், அசைவு குறையும், பயம் மட்டும் வளரும். எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை என்று மருத்துவர் குறிப்பிட்ட காரணத்துக்காகப் போடச் சொன்னால் அது வேறு.

சலூனில் முடி வெட்டிய பிறகு கழுத்தை மடக்கெனத் திருப்பிச் சொடுக்கெடுக்கிறார்களே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சத்தம் எலும்பு நகர்ந்த சத்தம் அல்ல. மூட்டுத் திரவத்துக்குள் அழுத்தம் குறைந்து திடீரென ஒரு வாயுப் பை உண்டாகும்போது வருவது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கிரெக் காச்சுக் குழு 2015இல் விரல் மூட்டில் அதை எம்.ஆர்.ஐ.யில் நேரடியாகப் படம் பிடித்தது. சத்தத்தோடு தற்காலிகமாகக் கழுத்து லேசாவதும் உண்மைதான். ஆனால் கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகள் வழியாக இரண்டு ரத்தக்குழாய்கள் மூளையின் பின்பகுதிக்கு ஏறுகின்றன. எதிர்பாராத வேகத்தில் தலையை முறுக்கினால், அபூர்வமாக, அந்தக் குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், 'அண்ணே, கழுத்து மட்டும் வேண்டாம்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது உசிதம்.

எந்தப் பிடிப்புக்கு வீட்டுப் பயிற்சி கூடாது என்பதில் மட்டும் தயக்கமே வேண்டாம். காய்ச்சலும் கடும் தலைவலியும் சேர்ந்து, முகவாயை மார்புக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், உடனே மருத்துவமனை. விழுந்தோ வண்டியில் அடிபட்டோ வந்த வலியும் அப்படித்தான். கையில் பலம் குறைவது, சட்டைப் பித்தான் போட விரல் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது எல்லாம் தண்டுவடமோ நரம்போ நெருக்குப்படுகிறது என்பதற்கு அடையாளம். கழுத்து வலியோடு பார்வை இரட்டையாவது, பேச்சுக் குழறுவது, திடீரென இதுவரை காணாத தலைவலி வருவது ஆகியவற்றில் மணிக்கணக்குப் பார்க்கக் கூடாது. மார்பில் அழுத்தமும் வியர்வையும் மூச்சிரைப்பும் சேர்ந்து, வலி கழுத்துக்கும் தாடைக்கும் ஏறினால் கழுத்தை மறந்துவிட்டு இதயத்தை நினையுங்கள். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு முதல் இரண்டு கழுத்தெலும்புகளைப் பிணைக்கும் நார் தளர்ந்திருக்கலாம், ஆகவே அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தக் கழுத்துப் பயிற்சியும் செய்ய வேண்டாம். இரவில் தூங்கவிடாத வலி, காரணமில்லாத எடைக் குறைவு, ஆறு வாரமாகியும் அசையாத பிடிப்பு இருந்தாலும் ஒருவரிடம் காட்டிவிட வேண்டும்.

பிடிப்பு விட்டுப் போன பிறகு என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் வருஷத்துக்கு மூன்று தடவை பிடித்துக்கொள்கிறவர்களுக்கு உண்மையான வேலை அப்போதுதான் தொடங்குகிறது. அசைவு ஏற்கெனவே திரும்பியிருக்கும். இனி வேண்டியது பலம். டென்மார்க்கில் லார்ஸ் ஆண்டர்சன் குழு, அடிக்கடி கழுத்து, தோள் வலி வரும் அலுவலக ஊழியர்கள் 198 பேரைச் சேர்த்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினர் தினம் 12 நிமிஷமும் இன்னொரு பிரிவினர் தினம் 2 நிமிஷமும் ரப்பர் குழாயை இழுத்துப் பயிற்சி செய்தார்கள். வாரத்தில் 5 நாள், 10 வாரம். பயிற்சியே செய்யாத பிரிவோடு ஒப்பிட்டபோது இரண்டு பிரிவுக்கும் வலி குறைந்திருந்தது. 2 நிமிஷக்காரர்கள் 12 நிமிஷக்காரர்களுக்கு அதிகம் பின்தங்கவில்லை.

செய்முறை இவ்வளவுதான். விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும் ரப்பர் பட்டையின் நடுவைப் பாதத்தால் மிதித்துக்கொண்டு, இரு நுனிகளையும் கைகளில் பிடித்து, முழங்கையைச் சற்றே மடக்கி, கைகளைப் பக்கவாட்டில், கொஞ்சம் முன்னோக்கியவாறு, தோள் உயரம்வரை தூக்கி, மெதுவாக இறக்க வேண்டும். தோளுக்கு மேல் போக வேண்டாம். தூக்கும்போது தோள் காதுப் பக்கம் ஏறினால் பட்டை அதிக இறுக்கம் என்று அர்த்தம். கொஞ்சம் நீளமாக விட்டுப் பிடியுங்கள். இரண்டு நிமிஷத்தில் கை தளர்ந்துபோகிற அளவு இறுக்கம் சரியானது. மறுநாள் தசை வலி இருந்தால் செய்யலாம். பழைய இடத்தில் குத்தினால் ஒரு நாள் விட்டுவிட்டு, பட்டையைத் தளர்த்திக்கொண்டு தொடரலாம்.